‘செய்த பாவம்’ என்பதை யாரிடம் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் வெளியான ஒரு கடிதம், வேலூர் மருத்துவமனை வாசல்களில் விடிவதற்கு முன்பே நின்றுவிடும் நீண்ட வரிசைகளைக் குறிப்பிட்டு, செய்த பாவத்துக்குத் தண்டனை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டிருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். இளைஞர்கள் எதற்கும் அஞ்சாதவர்களாகிக்கொண்டு வருகிறார்கள் என்ற கவலையே அவரை எழுத வைத்தது என்பது கடிதத்தின் பிற்பகுதியில் நன்றாகத் தெரிகிறது. தீவினைக்குத் தண்டனை உண்டு என்பதில் அவரோடு எனக்கு வேறுபாடு எதுவும் இல்லை. 34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று குறளும் நாலடியாரும் நடத்தியவன் அதை மறுத்துப் பேசவும் முடியாது. அந்த வரிசையைக் கைநீட்டிக் காட்டியதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் பூர்வீக ஊர் ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில் உள்ளது. 1960ஆம் ஆண்டையொட்டி, நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், என் தாயாரின் மூத்த சகோதரிக்குப் பெருவியாதி, அதாவது தொழுநோய், என்று ஊரில் பேச்சு எழுந்தது. பெரியம்மாவுக்கு மாட்டுக் கொட்டகையின் ஓரமாக ஒரு சார்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். அவருக்கென்று ஓர் அலுமினியத் தட்டு சுவரில் ஆணியில் தொங்கும். சோற்றை எட்ட நின்றுதான் போடுவார்கள், குழம்பை உயரத்திலிருந்துதான் ஊற்றுவார்கள். என்னைப் போன்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் அடி விழும். யாரும் அவரைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை. அடக்கமான குரலில், இரக்கத்தோடு, ‘போன ஜென்மத்தில் என்ன செய்தாளோ’ என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவரைப் பற்றி யோசிக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும். கேட்டுக் கேட்டுப் பெரியம்மாவே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பிறகு என் தாய்மாமன் யார் பேச்சையும் கேட்காமல் அவரைக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். 1955இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் அப்போது புதிது. அங்கே கொடுத்த மாத்திரையைவிட அங்கே சொன்ன ஒரு செய்திதான் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டது. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுவதால் நோயாளி தன்னை அறியாமலே சுட்டுக்கொள்கிறார், வெட்டிக்கொள்கிறார், இரவில் எலி கடித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை, அந்தப் புண்கள்தாம் விரலைத் தின்கின்றன என்றார்கள். வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் 1940களின் பிற்பகுதியிலிருந்து நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கண்டறிந்த உண்மை அது. நோய்க்குக் காரணமான கிருமியையோ நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டு சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை கொட்டகைகளில் எத்தனை அலுமினியத் தட்டுகள் தொங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நோயாளியை ஒதுக்குவது சட்டத்திலும் நெடுநாள் நிலைத்திருந்தது; தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு நம் திருமணச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டதே 2019இல்தான்.

பெரியம்மா திரும்பி வந்தபோது அவர் கையில் கெட்டியான கரித்துணிகள் இரண்டு இருந்தன. அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது துணியைப் பிடித்துக்கொண்டு, கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறக்குவார். ‘எனக்குக் கை சொல்லாது, கண்தான் சொல்லணும்’ என்பார். அதன் பின் அவருடைய விரல் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால், போன ஜென்மத்துப் பாவம் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அவரிடம் வந்து, தவறாகச் சொல்லிவிட்டோம் என்று வருந்தவில்லை.

ஆகவே அந்த வரிசையைக் காட்டிப் பாவம் என்று எழுதியவரிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான்: தீமை செய்தவன் துன்புறுவான் என்று நம் அறநூல்கள் சொல்கின்றன, துன்புறுகிறவன் தீமை செய்தவன் என்று அவை எங்கே சொல்கின்றன? இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கலாம். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதாலேயே மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? குழாய் உடைந்தும் நனைந்திருக்கலாம் என்பது காட்பாடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டிய செய்தியன்று.

வள்ளுவர் ‘தீவினையச்சம்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அந்தப் பத்துக் குறளையும் ஒருமுறை ஒன்றாகப் படித்துப் பாருங்கள். தீயவை தீயைவிட அஞ்சத்தக்கவை என்கிறார். எவ்வளவு பெரிய பகையிலிருந்தும் தப்பிவிடலாம், வினையாகிய பகை மட்டும் விடாமல் பின்னாலேயே வந்து வருத்தும் என்கிறார். ‘மறந்தும் பிறன்கேடு சூழற்க சூழின், அறஞ்சூழும் சூழ்ந்தவன் கேடு’ என்கிறார். கடுமையான சொற்கள்தாம். ஆனால் அவை செய்யப்போகிறவனை நோக்கி, அவன் செய்வதற்கு முன்னால் சொல்லப்பட்டவை. ‘சூழற்க’ என்பது முன்னால் நிற்பவன் காதில் விழ வேண்டிய எச்சரிக்கை. அண்டை வீட்டுக்காரன் விழுந்து கிடக்கும்போது எட்டிப் பார்த்து, இவன் யாருக்கோ கேடு சூழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கு அதிகாரத்தில் ஒரு குறளும் இல்லை. அழுக்காறாமையில் வள்ளுவர் இந்தச் சிக்கலைத் தொடவும் தொடுகிறார். பொறாமை கொண்டவன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் ‘நினைக்கப்படும்’ என்று நிறுத்திக்கொள்கிறார். உரையாசிரியர்கள் அதற்குப் பழவினையைக் காரணமாகச் சொன்னார்கள். வள்ளுவர் வாயிலிருந்து வந்த சொல் ‘நினைக்கப்படும்’ என்பது மட்டுமே. யோசிக்க வேண்டிய இடம் என்று அவர் விட்டதை நாம் தீர்ப்பு எழுதும் இடமாக்கிவிட்டோம்.

‘அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை, பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்ற குறளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பல்லக்குச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் கண்கூடாகத் தெரியும், நூல்களைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை என்பது பரிமேலழகர் காட்டும் பொருள். ‘வேண்டா’ என்பதை விலக்காகக் கொண்டு, அவர்களிடையே போய் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே எனப் பொருள் கொண்டவர்களும் உண்டு. தேர்வுக்கு முதல் பொருளை எழுதச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் இரண்டாவதையே வைத்துக்கொள்வேன். நம் வட்டாரத்தில் சுமந்தவர்கள் யார், ஊர்ந்தவர்கள் யார் என்பதைப் பிறவிக் கணக்காக எழுதிவைத்ததால் விளைந்த கொடுமையை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்கு இக்கேள்வி புதியதும் அன்று. போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதர் பாறையோடு பாறையாக நெடிதுயர்ந்து நிற்கிறார். வள்ளிமலையில் முருகனைப் பார்க்க ஏறுகிற அதே மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கிருத்திகைக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தச் சமணம் வினைக்கு நீதிபதி என்று ஒருவரை வைக்கவில்லை. எண்ணெய் பூசிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல், ஆசையும் சினமும் பூசிய உயிரில் வினைத்துகள் ஒட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். வினை உள்ளே வருவதை ஊற்று என்றும், ஒட்டுவதைக் கட்டு என்றும், வரவை அடைப்பதைச் செறிப்பு என்றும், ஒட்டியதைக் களைவதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர்கள் அழகாகப் பெயரிட்டார்கள். இந்தக் கணக்கில் தண்டிப்பதற்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. செய்த செயலே செய்தவனின் எடையாகிவிடுகிறது. நாலடியார் பழவினையைக் கன்றுக்கு ஒப்பிடுகிறது. எத்தனை பசுக்களுக்கு நடுவே அவிழ்த்து விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடிக் கண்டுகொள்வதுபோல், வினை தன்னைச் செய்தவனைத் தேடிக் கண்டுகொள்ளும். மாடு வைத்திருந்தவர்களுக்கு அந்த உவமையின் அருமை தெரியும். கன்றுக்குத் தாயைத் தெரியும், தாய்க்குக் கன்றைத் தெரியும். வேலியோரம் நிற்கும் வழிப்போக்கன், இந்தக் கன்று அந்தப் பசுவினுடையது என்று சொல்லப் புகுந்தால் பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வான்.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. வினை அறிவற்ற சடம், அது தானாகப் போய்ச் செய்தவனைச் சேர முடியாது, இறைவனே அதைச் சேர்ப்பிக்கிறான் என்பது அதன் கொள்கை. அப்படியானால் இறைவன் கொடியவனா என்ற கேள்வி எழுமே. அதற்குச் சிவஞான சித்தியார் சொல்லும் விடை, சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் வளாரால் அடிப்பதும் பரிவினால்தான், ஈசனுடைய சினமும் அத்தகையதே என்பது. இந்த உவமையை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் கொஞ்சம் அச்சத்தோடுதான் படிக்கிறேன். அதற்கான காரணத்தைக் கடிதத்தின் இறுதியில் சொல்கிறேன். பெற்றவர் கையில் உள்ள வளாரைப் பக்கத்து வீட்டுக்காரன் பிடுங்கி வீசுவதற்கு அந்த உவமையில் இடமில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

நம் ஊர்களில் பள்ளிவாசலும் தேவாலயமும் கோவிலும் ஒரே தெருவில் நிற்பதால் மற்ற இரண்டையும் சொல்லாமல் போனால் கடிதம் குறைபட்டதாகிவிடும். அணுவளவு நன்மை செய்தவரும் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார் என்கிறது திருக்குர்ஆன். காண்பவர் செய்தவரே. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்றும் அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்பது விவிலியம். அதே விவிலியத்தில், பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். ஏசு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்லர் என்கிறார். யோபுவின் நண்பர்கள் அவன் படும் துன்பத்தைப் பார்த்து, நீ ஏதோ குற்றம் செய்திருக்கிறாய் என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் மூளுகிறது. கடவுளுக்காக வாதாடியவர்களே கடவுளிடம் குட்டுப்பட்டது அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று பறைசாற்றிய சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு இருந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே இப்போது பலித்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. ஊழ்வினைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு எந்தக் காப்பியத்திலும் இல்லை. அந்தக் கணக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பாண்டியன் வெறும் கருவிதானே, அவன்மேல் குற்றம் இல்லையே? இளங்கோ அப்படி எழுதவில்லை. காற்சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், அவனுக்கு விதி அப்படி என்று அரசன் சொல்லித் தப்பிக்கவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று விழுந்து உயிர் விட்டான். கோவலனின் பழவினை தெய்வம் அறிந்த கணக்கு. அரசன் அறிந்திருக்க வேண்டியது, ஆராயாமல் ஆணையிட்ட தன் குற்றத்தை. பிறர் வினையைத் தெய்வத்திடம் விட்டுவிட்டுத் தன் வினையைத் தானே எடுத்துக்கொண்ட அந்த ஓர் இடத்துக்காகவே அந்தப் பாண்டியனை நான் மதிக்கிறேன்.

படித்தவர்கள் இப்படி. படிக்காதவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பார்க்க, எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோவில்களின் அக்னி வசந்த விழாவுக்குப் போக வேண்டும். பாரதச் சொற்பொழிவும் இரவுக் கூத்தும் நாள் கணக்கில் நடந்து, கடைசிப் பகலில் படுகளம். ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாத்திப் படுக்க வைத்திருப்பார்கள். தலையிலிருந்து கால்வரை நடந்துபோனால் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். மார்புக்கும் முகத்துக்கும் வண்ணம் பூசி, மீசை வரைந்து, தொடையில் சிவப்பு நீர் நிறைத்த கலயத்தைப் புதைத்து வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் கதையைச் சுழற்றிக்கொண்டு மண்ணுடம்பைச் சுற்றி ஓடி ஓடி வந்து, அந்தத் தொடையில் ஓங்கி அடிப்பார். கலயம் உடைந்து சிவப்பு பீறிடும். அதை எடுத்துத் தடவித் திரௌபதியின் விரிந்த கூந்தலை முடிப்பார்கள். கூட்டம் குலவையிடும். பாவத்துக்குத் தண்டனை என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது.

ஆனால் கூத்து அதோடு முடிவதில்லை. காந்தாரி வேடம் கட்டியவர் அந்த மண்ணுடம்பின் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைப்பார். சற்று முன்பு குலவையிட்ட பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். துரியோதனன் குற்றவாளி என்பதில் அவர்களுக்கு ஐயமே கிடையாது. அவன் தண்டனையில் மகிழ்வதும் அவனைப் பெற்றவளோடு சேர்ந்து அழுவதும் ஒரே பகலில் அவர்களுக்குக் கைகூடுகிறது. தொடையில் அடித்தது போர்முறைக்குப் பொருந்தாத அடி என்பதையும் பாரதம் மறைக்கவில்லை. பலராமன் சினந்து எழுகிறான், வென்ற பாண்டவர்களோ அன்றிரவே பிள்ளைகளை இழக்கிறார்கள். அடித்தவன் கணக்கும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பது கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. சென்ற வாரக் கடிதத்தில் எனக்குக் கேட்காமல் போனது அந்த ஒப்பாரிதான்.

மனிதர் கொடுக்கும் தண்டனையைத் தெய்வத் தண்டனையோடு ஒன்றாக்குவதும் இந்த ஊரில் பொருந்தாது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களில் சிலரைப் பின்னர் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தலைப்பாகையையும் நெற்றிக்குறியையும் தாடியையும் தொட்ட ஆணைகளே அந்த எழுச்சிக்குக் காரணம் என்பது வெளிப்பட்டு, ஆளுநர் பென்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இன்று அந்தச் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் எழுப்பி ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறோம். தண்டிக்கப்பட்டதாலேயே ஒருவன் குற்றவாளி என்றால் அந்தத் தூணுக்கு இங்கே என்ன வேலை?

இதற்கு நேர்மாறான ஒன்று பாலாற்றங்கரையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் வேலூர்க்காரர் யாரும் பாவத்தையும் தண்டனையையும் பற்றிப் பேசிவிட முடியாது. தோல் பதனிடும் கழிவு ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்புகளில் அது முதன்மையானது. ஆம்பூர்ப் பக்கம் என் மைத்துனருக்கு ஒன்றேகால் ஏக்கர் இருந்தது. கிணற்றுநீரைக் குடத்தில் பிடித்து ஒரு பகல் வைத்தால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பொரிந்து நிற்கும். தென்னைகள் உயிரோடு இருக்கும், காய்க்காது. குருத்து விரியும்போதே ஓரம் கருகியிருக்கும். அவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார்? ‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஊரில் ஒரு பெரியவர் என் மைத்துனரிடம், ‘எல்லாம் நம்ம வினைப்பா’ என்றார். அவரை ஆறுதல்படுத்தச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தால் 1991இல் அந்த வழக்கைத் தொடுத்திருக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வினை செய்தவனைத்தான் சேரும் என்ற நம்பிக்கை ஆழமாக உள்ளவன், வினை வேறொருவன் நிலத்தில் போய் விழுவதைக் கண்டால் பதற வேண்டும். கணக்கு தவறிவிட்டதே என்று எழுந்து போய் அதைச் சரிசெய்யப் பார்க்க வேண்டும். ‘அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண்ணீர்’ செல்வத்தைத் தேய்க்கும் படை என்ற குறள் கொடுங்கோன்மை அதிகாரத்தில் நிற்கிறது. ஆள்பவனுக்குச் சொன்னது அது. அழுகிறவனிடம் போய், உன் கண்ணீர் அறுத்துவிடும், நீ சும்மா இரு என்று சொல்வதற்காக எழுதப்பட்டதன்று.

அப்படியானால் தீமை செய்தவனுக்குத் தண்டனை எங்கேதான் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்று காத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மறுபிறவியையும் தீர்ப்புநாளையும் நம்புகிறவர்கள் நம்பட்டும். நானும் ஓரளவு நம்புகிறவன்தான். ஆனால் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு தண்டனையை வள்ளுவர் தீவினையச்சத்தின் முதல் குறளிலேயே சொல்லிவிட்டதாக எனக்குப் படுகிறது. தீவினை என்னும் செருக்குக்குத் தீவினையார் அஞ்சார், விழுமியார் அஞ்சுவர் என்கிறார். பழகியவனுக்கு அச்சம் போய்விடுகிறது. அந்த அச்சமின்மையை நாம் அவன் பெற்ற வெற்றியாக நினைக்கிறோம், சிலநேரம் பொறாமையும் படுகிறோம். பெரியம்மாவின் கை எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. நோயைப் பாவத்தோடு சேர்த்த பழைய பிழையை நான் மறுபடியும் செய்துவிடக் கூடாது. அவர் கை மரத்துப்போனது கிருமியால், வேறெதனாலும் அல்ல. ஆனால் மரத்துப்போதல் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கைதான். சுடுவது தெரிகிறவரை விரல் பிழைக்கிறது. முதல் பொய்யில் சுட்ட நெஞ்சு பத்தாவது பொய்யில் சுடாமல் போனால், அன்றைக்கு அவன் தப்பிக்கவில்லை. அன்றிலிருந்துதான் ஒவ்வொன்றாக இழக்கத் தொடங்குகிறான், இழப்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. பெரியம்மாவுக்குக் கண்ணாவது இருந்தது, கரித்துணியாவது இருந்தது.

இதை நான் நூலறிவால் எழுதவில்லை. 1980களின் நடுவில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சுற்றுலாவுக்காக வகுப்பில் வசூலித்த 140 ரூபாய் காணாமல் போனது. இடைவேளையில் வகுப்பறையில் தனியாக இருந்தவன் ஒரு மாணவன். அவன் தந்தை பீடி சுற்றுபவர், அவனுக்குச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. பிரம்பை எடுத்தேன். நான்கு அடிக்குப் பிறகு அவன் கையை மடக்கிக்கொள்ளவில்லை, இன்னும் நீட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை, அந்த அழாமையையும் நான் திருட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். ‘ஏழ்மையிலும் ஒழுக்கம் வேண்டும்’ என்று வகுப்புக்கு அரைமணி நேரம் சொற்பொழிவும் செய்தேன். பத்து நாள் கழித்து வருகைப் பதிவேட்டின் அட்டைக்கும் அதன்மேல் போட்டிருந்த பழுப்புக் காகித உறைக்கும் நடுவே அந்த 140 ரூபாயும் மடித்தபடி இருந்தது. நான்தான் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் பணம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. அந்த மாணவனிடம் எதுவுமே சொல்லவில்லை. எனக்கு யாரும் எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. பதவி உயர்வு உரிய காலத்தில் வந்தது, ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர், சென்ற வாரக் கடிதம் எழுதியவரின் முறைப்படி கணக்குப் பார்த்தால், நான் நல்வினை மிகுந்தவன் என்றே முடிவு கட்டுவார். ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்ற குறளை அதற்குப் பிறகு ஏறக்குறைய 25 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்ற இடம் வரும்போது ஒவ்வோர் ஆண்டும் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே பொருள் சொல்லிவிட்டு, சாக்பீஸை வைக்கிற சாக்கில் சற்று நேரம் கழித்துத்தான் திரும்புவேன். அது மரத்துப்போகவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற சித்திரையில் அந்த மாணவரைப் பார்க்கப் போனேன். இப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் சைக்கிளும் இருசக்கர வாகனமும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கிரீஸ் படிந்த கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நடந்ததை முழுவதும் சொன்னேன், பதிவேட்டு உறை உள்பட. அவர் கொஞ்ச நேரம் ஒரு ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ‘அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் எங்கப்பா கேட்டாரு சார், நீ எடுத்தியான்னு. இல்லன்னேன். நம்பிட்டாரு’ என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பையனை அனுப்பி இரண்டு டீ வாங்கி வரச் சொன்னார். நான் காசு எடுத்தபோது, ‘இது என் கடை சார்’ என்று சொல்லி என் கையைத் தள்ளிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.